மரத்தடியில் மீன் விழவில்லை

கூந்தன்குளத்தில் ஒரு வீட்டின் புறவாசலில் பெரிய வேப்பமரம் நிற்கிறது. கிளைக்குக் கிளை வர்ண நாரைக் கூடு. மரத்தடி முழுக்கச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றியதுபோல வெள்ளை எச்சம். சித்திரை வெயிலில் அந்த வாடை தெருமுனைக்கே வந்துவிடும். வீட்டுக்காரப் பாட்டி கயிற்றுக்கட்டிலை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "இந்த வருசம் பறவை எப்படிம்மா?" என்று கேட்டேன். வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற அந்த மரத்தடியில், அவர் குனிந்து தரையைக் காட்டினார்.

"எப்பவும் இந்நேரத்துக்கு இங்கன மீனு கெடக்கும்யா. தாய்ப்பறவ குஞ்சுக்குக் கக்கும்போது தவறி விழுறது. கெண்டப்பொடி, உளுவ, சிலேபின்னு விரல் நீளத்துல கெடக்கும். பூன ரெண்டும் மரத்தடிய விட்டு நகராது. இப்பம் பூனையவே காணல, பாத்தீயளா?"

மழை பிந்தி, கால்வாய்த் தண்ணீர் அதைவிடப் பிந்தி வந்த ஆண்டு அது. தரையில் எச்சம் இருந்தது, மீன் இல்லை. கொஞ்சம் தள்ளி, துவைகல் பக்கத்தில் ஒரு நாரைக் குஞ்சு கால் மடங்கி உட்கார்ந்திருந்தது. இறகு பாதிதான் முளைத்திருந்தது. கூட்டில் பசியோடு நெருக்கியடித்ததில் கீழே விழுந்தது என்றார் பாட்டி. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார். குஞ்சு அதைத் தொடவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது. மேலே கூட்டில் மிச்சமிருந்த இரண்டும் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. நான் அங்கே இருந்த ஒன்றரை மணி நேரத்தில் பெரிய பறவை ஒரே ஒரு முறை வந்து போனது.

குஞ்சுக்கு இரை போதுமா போதாதா என்பதை அளக்க, அந்தப் பாட்டியின் அளவுகோலைவிடத் தெளிவான ஒன்றை நான் எந்த அறிக்கையிலும் பார்த்ததில்லை. இரை மிஞ்சினால்தான் மரத்தடியில் மீன் விழும்.

திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி வட்டத்தில் மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது கூந்தன்குளம். குளத்தையும் அடுத்துள்ள காடன்குளத்தையும் சேர்த்து 129 ஹெக்டேர் பரப்பு 1994ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் பிடித்தது. பட்டியல்களுக்கெல்லாம் முன்பே ஊர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு இங்கே வெடி போடுவதில்லை. புறவாசல் மரத்தில் கூடு கட்டினால் அந்தக் கிளையை வெட்டுவதில்லை. கீழே விழுந்த குஞ்சை எடுத்து மீன் ஊட்டி வளர்த்து விட்டவர்கள் ஊரில் உண்டு. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீரும் குளத்து வண்டலும் வயலுக்கு உரம் என்பது இவர்களுக்குப் பாட்டன் காலத்துப் பாடம். கூழைக்கடா, வர்ண நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் இங்கே குடும்பம் நடத்துகின்றன. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போகிறது.

பறவைகளைத் துப்பாக்கியிலிருந்தும் வெடிச் சத்தத்திலிருந்தும் இந்த ஊர் காப்பாற்றிவிட்டது. நாள் தவறிப்போவதிலிருந்து காப்பாற்ற ஊரால் மட்டும் முடியாது. இந்தக் கட்டுரையின் புகார் அதைப் பற்றித்தான்.

நாள் தவறுவது என்றால் என்ன? வர்ண நாரை இரை தேடுவதைக் கால் மணி நேரம் கரையில் நின்று பார்த்தாலே புரிந்துவிடும். அது கண்ணால் மீனைத் தேடிக் கொத்துவதில்லை. முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நடக்கும். காலால் சேற்றைக் கிளறும். கலங்கிய தண்ணீரில் மீன் வந்து அலகில் பட்டதும், பட்டென்று மூடும். தொட்டுப் பிடிக்கிற வேட்டை இது. ஆகவே தண்ணீர் ஆழமாக இருந்தால் இதற்கு இரை கிடைக்காது. தண்ணீர் பரந்து கிடந்தாலும் மீன் சிதறிப்போகும். குளமும் வயலும் மெல்ல வற்றி, பள்ளங்களில் சிறு மீன்கள் நெருக்கமாகச் சேர்கிற அந்தச் சில வாரங்கள்தான் நாரையின் அறுவடைக் காலம். கூட்டில் குஞ்சுகள் வேகமாக வளர்கிற வாரங்களும் அதே வாரங்களாக அமைந்துவிட்டால் கூடு தழைக்கும். முன்னே பின்னே போனால் குஞ்சு சாகும்.

முட்டை வைத்து அடைகாக்க ஒரு மாதம். பிறகு குஞ்சு பறப்பதற்கு இரண்டு மாதத்துக்கு மேல். கூழைக்கடாவுக்கு இன்னும் கூடுதலாகவே ஆகும். நாரையில் தாயும் தந்தையும் மாறி மாறி இரை கொண்டுவர வேண்டும். மூன்று நான்கு முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. முதல் முட்டை வைத்ததுமே அடை தொடங்கிவிடுவதால் மூத்த குஞ்சுக்கும் கடைக்குட்டிக்கும் சில நாள் வித்தியாசம் இருக்கும். இரை தாராளமாக இருந்தால் கடைக்குட்டியும் பிழைக்கும். தட்டுப்பாடு வந்தால் மூத்தது முட்டித் தள்ளி இரையைத் தின்றுவிடும். முதல் சாவு கடைக்குட்டிக்குத்தான்.

இத்தனையும் நடக்க இங்கே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். மணிமுத்தாறு அணைக்குத் தண்ணீர் வரும். அணையிலிருந்து கால்வாய் வழியாக வறண்ட பகுதிக் குளங்கள் ஒவ்வொன்றாகப் பெருகும். பிசானப் பருவத்து நெல் நடவு நடக்கும். மார்கழிக் கடைசியில் பறவைகள் சேரும். தை, மாசியில் கூடுகளில் முட்டை. அப்போது குளத்தில் நிற்கும் கருவேல மரங்களைச் சுற்றித் தண்ணீர் இருக்கும்; நாய், கீரி எதுவும் கூட்டுக்கு வர முடியாது. பிசான வயலில் தவளை, நண்டு, நத்தை, பூச்சி. பங்குனியில் குளங்கள் வற்ற வற்ற மீன் ஒதுங்கும். குஞ்சுகள் கொழுத்து, ஆனிக்குள் பறந்துவிடும். மழை, அணை, கால்வாய், குளம், நாற்று, மீன், கூடு என ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகிற வரிசை இது. தலையில் ஒரு மாதம் பிந்தினால் வால் கோடையில் போய் மாட்டிக்கொள்ளும்.

இப்போது மழை பிந்துவது மட்டும் பிரச்சினை இல்லை. வந்தால் மொத்தமாக வருகிறது. 2016ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 44 சென்டிமீட்டர் பெய்ய வேண்டிய மூன்று மாதத்தில் 17 சென்டிமீட்டர்தான் பெய்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசே அறிவித்தது. 2021ல் அதே பருவமழை இயல்பைவிட ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மக்கள் பட்ட பாட்டைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. குளங்கள் உடைந்தன. சூடேறிய காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். தாங்கியதை ஒரே மூச்சில் கொட்டும். பூமி சூடாவது நம் ஊரில் இப்படித்தான் தெரிகிறது. மூன்று மாதம் பரவிப் பெய்ய வேண்டிய மழை மூன்று நாளில் தீர்ந்துபோகிறது.

வறட்சியில் நாரை பட்டினி கிடப்பது யாருக்கும் புரியும். வெள்ளத்திலும் பட்டினி கிடக்கும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. "அதான் குளம் நெறஞ்சு கெடக்கே, பறவைக்கு என்ன குறை?" என்று கேட்பார்கள். கரை புரளும் குளத்தில் கூழைக்கடா சமாளிக்கும். அது நீந்திக்கொண்டே மீனை அள்ளும். முழங்கால் தண்ணீரில் நிற்கிற நாரைக்கு நிறைகுளம் பூட்டிய பத்தாயம் போன்றது. கரை உடைந்து குளம் ஒரேயடியாக வடிந்துவிட்டாலோ, மீனும் போய்விடும், மரத்தடித் தண்ணீரும் போய்விடும்.

உலகின் மற்ற பகுதிகளில் இது புதிய செய்தி இல்லை. கடல் மீன்குஞ்சு பொரிக்கும் நாளும், அது தின்னும் மிதவை உயிரிகள் பெருகும் நாளும் ஒத்துப்போனால்தான் மீன்வளம் என்று டேவிட் குஷிங் என்ற இங்கிலாந்து மீன்வள அறிஞர் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதினார். பறவைகளில் மிகத் தெளிவான கணக்கு நெதர்லாந்திலிருந்து வந்தது. அங்கே காடுகளில் ஒரு கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் கூடு கட்டுகிறது. குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கும் பறவை அது. ஆப்பிரிக்காவிலிருந்து எப்போது கிளம்புவது என்பதைப் பகலின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. அது குஞ்சுக்கு ஊட்டும் கம்பளிப்புழுவோ வெப்பத்தைப் பார்த்துப் பிறக்கிறது. நெதர்லாந்தில் வசந்தம் முன்கூட்டியே சூடாக, புழுக்கள் முன்கூட்டியே பெருகி முடிந்துபோயின. பறவை வழக்கமான நாளில் வந்து இறங்கியது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு விருந்தாளி வந்த கதைதான். புழு மிகச் சீக்கிரம் உச்சம் தொட்ட காடுகளில், இருபது ஆண்டுக்குள் இந்தப் பறவையின் எண்ணிக்கை ஏறக்குறைய 90 சதவீதம் விழுந்ததாக கிறிஸ்டியான் போத், மார்செல் விஸர் முதலிய ஆய்வாளர்கள் 2006ல் எழுதினார்கள்.

நம் கோடியக்கரைக்கு வந்து போகும் சிறிய உள்ளான்களுக்கும் இதே இக்கட்டுதான். குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் ஆர்க்டிக் கரையில்; குளிர்காலம் நம் உப்பங்கழியில். வடக்கே பனி எப்போது உருகுகிறது, பூச்சி எப்போது கிளம்புகிறது என்று இங்கே சேற்றில் நிற்கும் பறவைக்கு எப்படித் தெரியும்?

நெதர்லாந்துக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். முட்டை வைத்த தேதியை ஆண்டுதோறும், கூடு தவறாமல், பல பத்தாண்டுகளாக எழுதி வைத்திருந்தார்கள். நம்மிடமும் கணக்கெடுப்பு உண்டு. வனத்துறை மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் பறவைகளை எண்ணுகிறது. தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் தன்னார்வலர்களை வைத்து நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் நடத்திவருகிறது. நல்ல வேலை, குறை சொல்ல மனம் வராது. ஆனால் ஆண்டில் சில நாள் தலையை எண்ணுவது வேறு, ஒவ்வொரு கூட்டிலும் முதல் முட்டை என்று வந்தது, முதல் குஞ்சு என்று பறந்தது, எத்தனை குஞ்சு பறக்காமல் போனது என்று எழுதுவது வேறு. வர்ண நாரை நீண்ட நாள் வாழும் பறவை. தொடர்ந்து சில ஆண்டுகள் குஞ்சு பிழைக்காவிட்டாலும் பெரிய பறவைகள் வந்துகொண்டே இருக்கும். எண்ணிக்கை அப்படியே நிற்பதுபோலத் தோன்றும். பிள்ளையே பிறக்காத ஊரில் வாக்காளர் பட்டியலை மட்டும் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வதுபோல ஆகிவிடும்.

நெதர்லாந்தின் கதைக்கும் நம் கதைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நம்மை நான் குற்றம் சாட்டுவதும், நம்மை நம்புவதும் அந்த வித்தியாசத்தால்தான். அங்கே புழு பிறக்கும் நாளை எந்த அரசாங்கமும் மாற்ற முடியாது. இங்கே கூந்தன்குளத்துக்குத் தண்ணீர் வரும் நாளில் பாதி வானத்தின் கையில், மீதிப் பாதி மதகின் கையில். மதகு மனிதர்களுடையது.

காமராசர் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்ட மணிமுத்தாறு அணையின் உயரம் 118 அடி. அதன் கால்வாய் நான்கு ரீச்சுகளாக, அதாவது நான்கு பகுதிகளாக, பிரிந்திருக்கிறது. எந்த ஆண்டில் எந்த ரீச்சுக்கு முன்னுரிமை, எந்தத் தேதியில் திறப்பது, எத்தனை நாள், எத்தனை கன அடி என்பதில் ஆண்டுதோறும் இழுபறி. மேல்மடைக்கும் கடைமடைக்கும் உள்ள பழைய சண்டை அது. அதில் நியாயம் இரண்டு பக்கமும் உண்டு. கடைசியில் ஓர் உத்தரவு வரும். இத்தனை ஏக்கர் பாசனத்துக்காக, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று இருக்கும். அந்த வரியில் பறவை கிடையாது. ராம்சர் பட்டியலில் இருக்கிற ஒரு குளம், தண்ணீர் திறக்கும் உத்தரவைப் பொறுத்தவரை எத்தனையோ பாசனக் குளங்களில் ஒன்று. வரிசையில் நின்று, முறை வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். முறை பிப்ரவரியில் வந்தால் முட்டை மார்ச்சில் வரும். குஞ்சு மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் கூட்டில் கிடக்கும். பெரிய நாரை சிறகை விரித்து வெயிலை மறைத்து நிற்கும்; ஒன்று நிழலுக்கு நின்றால் மற்றொன்றுதான் இரைக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் சுற்றுவட்டக் குளங்களில் சேறு பிளந்திருக்கும். எவ்வளவு தூரம் பறந்து, எத்தனை முறை கொண்டுவரும்?

இது யார் பொறுப்பு என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். "பறவையா சார்? அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்றார் அங்கிருந்தவர். அவர் பொய் சொல்லவில்லை. பறவை வனத்துறைக்கு. தண்ணீர் நீர்வளத் துறைக்கு. குளத்து மீன் குத்தகை வேறு கணக்கு. எந்த நெல், எப்போது நாற்றுப் பாவ வேண்டும் என்பது வேளாண் துறைக்கு. ஆளுக்கொரு கோப்பு. இவை நான்கையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து, தேதிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிற நாற்காலி எங்கும் போடப்படவில்லை.

மூலைக்கரைப்பட்டிப் பக்கம் டீக்கடையில் ஒரு விவசாயி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணாச்சி, பறவைக்குத் தண்ணி கேட்டா நாங்க எதுக்கச் சண்டைக்கு வருவோம்? எங்களுக்கும் அதே தேதிதானே வேணும்? தண்ணி எப்பம் வரும்னு தெரியாம நாத்தைப் பாவிட்டு உக்காந்திருக்கோம். நாத்து முத்திப் போவுது. அந்தா வருது இந்தா வருதுன்னு கார்த்திகையும் போயிருது. நாள் தெரிஞ்சா நாங்க நடுவோம், அது முட்டை வைக்கும்."

பறவைக்கா மனுசனுக்கா என்று கேட்பவர்கள் இந்த டீக்கடைக்கு ஒரு முறை வர வேண்டும். பிசான நெல்லும் நாரைக் குஞ்சும் ஒரே தண்ணீரில், ஒரே தவணையில் வளர்பவை. ஒன்றுக்கு வாய்த்த நல்ல ஆண்டு மற்றொன்றுக்கும் நல்ல ஆண்டு. தண்ணீர் பிந்தி நடவு நடக்காமல் போனால் வயலில் தவளையும் நத்தையும் இருக்காது. நாரைக்கும் கொக்குக்கும் பாதி பத்தாயம் காலி.

என்ன செய்யலாம் என்பதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. முதலில், மணிமுத்தாறு தண்ணீர் திறக்கும் உத்தரவில் கூந்தன்குளம், காடன்குளம் பெயர்கள் தனி வரியாக வர வேண்டும். எந்த ரீச்சுக்கு முறையாக இருந்தாலும், டிசம்பர் முடிவதற்குள் மரங்களின் அடி மூழ்கும் அளவுக்காவது இந்தக் குளங்களுக்குத் தண்ணீர் வந்துவிட வேண்டும். ததும்ப நிறைக்கக் கேட்கவில்லை. கரையோரம் நாரை நிற்கிற ஆழம் கிடைக்க வேண்டும். கடைசிக் குஞ்சு பறக்கும் ஜூன் மாதம் வரை மரத்தடியில் தண்ணீர் இருக்க வேண்டும். இவ்வளவு மட்டத்துக்குக் கீழே மடை திறப்பதில்லை என்று கரையில் ஒரு கல் நட்டுவிட்டால் போதும். ஆயக்கட்டு விவசாயிக்கு அதனால் தண்ணீர் குறைந்தால் அந்த நட்டத்தை அரசு ஈடுகட்ட வேண்டும். பறவைக்காக ஊர் தலைமுறை தலைமுறையாகச் செய்த தியாகத்துக்கு மேல் இன்னொன்றைக் கேட்பது நியாயம் இல்லை.

இரண்டாவது, கூடு இருக்கிற குளம் மட்டும் போதாது. நாரை இரை தேடுவது பெரும்பாலும் சுற்றியுள்ள சிறு குளங்களிலும் வயல்களிலும். சரணாலயப் பலகை கூந்தன்குளத்தில் இருக்கிறது. சாப்பாடு பக்கத்து ஊர்களில் இருக்கிறது. அந்தக் குளங்களையெல்லாம் ஒரே சமயத்தில் நிறைத்து ஒரே சமயத்தில் வற்ற விடாமல், ஒன்று வற்றும்போது அடுத்தது முழங்கால் அளவில் இருக்கும்படி முறை வைக்கலாம். வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேலமும் மண்ணும் அடைத்துக் கிடந்தால் இதில் எதுவும் நடக்காது. 2023 போல ஒரு மழை மறுபடி கொட்டினால் அடைத்த கால்வாயும் துருப்பிடித்த மதகும் அந்தத் தண்ணீரைக் கடலுக்குத்தான் அனுப்பும். கொட்டுகிற மூன்று நாள் மழையைப் பிடித்து மூன்று மாதத்துக்குப் பரப்பிக் கொடுக்கத்தானே நம் முன்னோர் சங்கிலித் தொடராகக் குளம் வெட்டினார்கள்? பருவம் ஒழுங்காக இருந்த காலத்தைவிட, அது தாறுமாறாகிவிட்ட இன்றைக்குத்தான் அந்தக் குளங்களின் தேவை அதிகம்.

மீன் குத்தகையிலும் ஒரு நிபந்தனை சேர்க்கலாம். குஞ்சு கூட்டில் இருக்கிற மாதங்களில் சுற்றுவட்டக் குளங்களை இறைத்து அடியோடு மீன் பிடிக்கக் கூடாது; பொடிமீனை விட்டுவைக்க வேண்டும். வயலில் நத்தைக்கும் பூச்சிக்கும் கண்ட மருந்தையும் தெளிப்பதற்கு முன், நத்தையை இலவசமாகப் பொறுக்கித் தின்ன நத்தைகுத்தி நாரை வருகிறது என்பதையும் வேளாண் அலுவலர்கள் சொல்லலாம்.

எல்லாவற்றையும்விடச் செலவு குறைந்தது, தேதி எழுதுவது. அந்தப் பாட்டியைப் போன்றவர்கள் கூந்தன்குளத்தில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். முதல் பறவை வந்த நாள், முதல் சுள்ளி எடுத்த நாள், முட்டை, குஞ்சு, மரத்தடியில் மீன் விழத் தொடங்கிய நாள், நின்ற நாள். பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, ஊர்க்காரர் நாலு பேருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் பத்தே ஆண்டில் நெதர்லாந்துக்காரர்களிடம் இருக்கிற மாதிரி ஒரு கணக்கு நம்மிடமும் சேர்ந்துவிடும். இதே நோட்டைத் திருப்புடைமருதூரிலும் தொடங்கலாம். கோயிலைச் சுற்றிய மரங்களில் பறவைகளை வைத்துக் காத்த அந்த ஊருக்காகத்தான் 2005ல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதுவும் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாடு இன்று 20 ராம்சர் இடங்களை வைத்திருக்கிறது. ஈரநில இயக்கம் என்று ஒன்று, காலநிலை மாற்ற இயக்கம் என்று ஒன்று, இரண்டையும் அரசு தொடங்கியிருக்கிறது. மாவட்ட அளவில் காலநிலை மாற்ற இயக்கத்தின் பொறுப்பு ஆட்சியரிடம். அப்படியானால் நான்கு துறைகளின் கோப்புகளையும் ஒரே மேசையில் வைக்கிற அதிகாரம் ஏற்கெனவே ஒருவருக்கு இருக்கிறது. புதிய சட்டமோ புதிய வாரியமோ வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், அணை திறப்பைப் பற்றிப் பேசுகிற அதே கூட்டத்தில், வனத்துறைக்கும் கூந்தன்குளம் ஊராருக்கும் இரண்டு நாற்காலி போட்டால் போதும்.

ஊர்க்காரர் கேட்டு ஆட்சியர் எழுதிக் கொடுத்த காகிதம் பறவைகளைக் காப்பாற்றியதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று உண்டு. வேடந்தாங்கல் ஏரிக்கு வந்த பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, அந்த ஊர் விவசாயிகள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் போய் நின்றார்கள். எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் எங்கள் வயலுக்கு உரம், சுடுவதை நிறுத்துங்கள் என்று கேட்டார்கள். ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் 1798ல் அவர்களுக்கு ஒரு கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். இன்றைக்கும் வேடந்தாங்கலில் பறவை இருக்கிறது என்றால் அந்தக் காகிதத்துக்கும் அதில் பங்கு உண்டு.

அன்றைக்கு ஆபத்து துப்பாக்கியாக இருந்தது. சுடாதே என்று எழுதினால் போதுமானதாக இருந்தது. இன்றைக்கு ஆபத்து தவறிப்போகும் தேதி. ஆகவே தேதியைத்தான் எழுதிக் கேட்க வேண்டும். கூந்தன்குளத்து மக்களும் அந்தப் பகுதி விவசாயிகளும் பறவை ஆர்வலர்களும் சேர்ந்து, இந்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அதே மனுவைப் படியுங்கள். நீளமாக எழுத வேண்டாம். டிசம்பர் முடிவதற்குள் எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வர வேண்டும். ஜூன் வரை மரத்தடியில் அது நிற்க வேண்டும். இதை அணை திறக்கும் உத்தரவிலேயே எழுதித் தாருங்கள்.